அட்லஸ்: 100 டன் பயம், 100 டன் கணக்கு

  

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. மூன்று, நான்கு மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு மனிதன். தூண் மாதிரி கால்கள். தோளிலும் நெஞ்சிலும் பீரங்கி, ஏவுகணை. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. முகத்தைப் பார்த்தால்தான் வயிறு கலங்கும். ஏனென்றால் அது முகமே இல்லை, மண்டை ஓடு! அது ஓடி வராது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து உங்களை நோக்கி நடந்து வரும்.

இதன் பெயர் அட்லஸ். 'பேட்டில்டெக்' என்ற விளையாட்டில் வரும் ராட்சத போர் இயந்திரம். முழுக்க முழுக்கக் கற்பனைதான், பயப்படாதீங்க! ஆனால் இதை உருவாக்கியவர்கள் சும்மா வாய்க்கு வந்தபடி கதை விடவில்லை. ஒவ்வொரு டன்னுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இந்த ராட்சதனின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும். இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

★ மெக் என்றால் என்ன? ★

ரோபோ வேறு, மெக் வேறு. ரோபோவை அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டரே இயக்கும். மெக் அப்படி இல்லை. அதன் தலைக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து ஓட்டுவார். டாங்கிக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்குமோ, அதுதான் மெக். பேட்டில்டெக் கதையில் இவற்றுக்கு 'பேட்டில்மெக்' என்று பெயர். ஓட்டுபவரை 'மெக்வாரியர்' என்பார்கள்.

எடையை வைத்து மெக்குகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்:

• 20 முதல் 35 டன் வரை – இலகு வகை
• 40 முதல் 55 டன் வரை – நடுத்தர வகை
• 60 முதல் 75 டன் வரை – கன வகை
• 80 முதல் 100 டன் வரை – தாக்குதல் வகை

இந்தப் பட்டியலின் கடைசிப் படியில் நிற்பவன்தான் நம்ம அட்லஸ். 100 டன்! இந்திய ராணுவத்தின் முதல் வகை அர்ஜுன் டாங்கி 58.5 டன். கிட்டத்தட்ட அதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

★ பிறந்த கதை ★

அமெரிக்காவில் சிகாகோ நகரில் 'ஃபாசா' என்று ஒரு நிறுவனம். 1980-ல் ஜோர்டன் வைஸ்மன், ராஸ் பாப்காக் என்ற இருவர் தொடங்கினார்கள். இவர்கள் 1984-ல் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு என்று நினைக்காதீர்கள்! அட்டையில் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள், இரண்டு பகடை, ஒரு பென்சில், ஒரு தாள். இவ்வளவுதான். பரமபதம் ஆடுகிற மாதிரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது.

'டிராய்டு' என்ற சொல் 'ஸ்டார் வார்ஸ்' படக்காரர்களுக்குச் சொந்தமானது என்று பிரச்சினை வந்தது. அதனால் 1985-ல் பெயரை 'பேட்டில்டெக்' என்று மாற்றிவிட்டார்கள். அப்புறம் 1989-ல் 'மெக்வாரியர்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. 1995-ல் 'மெக்வாரியர் 2' பெரிய வெற்றி பெற்றது. 2018-ல் 'பேட்டில்டெக்' என்ற பெயரிலேயே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு, 2019-ல் 'மெக்வாரியர் 5' என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. அட்டையில் பிறந்த ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ஆயுள் என்றால் சும்மாவா?

☆ உங்களுக்குத் தெரியுமா? ☆
கிரேக்கப் புராணத்தில் அட்லஸ் ஓர் அசுர பலசாலி. தேவர்களின் தலைவன் சீயஸ் அவனுக்குக் கொடுத்த தண்டனை, வானத்தைத் தோளில் தாங்கி நிற்பது. பலர் அவன் பூமியைத் தாங்குவதாக நினைக்கிறார்கள். கதைப்படி அது வானம்தான்! சமூக அறிவியல் வகுப்பில் நாம் புரட்டும் 'அட்லஸ்' புத்தகத்துக்கும் இதே பெயர்தான். 1595-ல் வெளியான மெர்கேட்டரின் நிலப்படத் தொகுதிதான் இந்தப் பெயரை அப்படிப் பரப்பியது.

★ பயமுறுத்தவே செய்தது ★

விளையாட்டின் கதை எதிர்காலத்தில் நடக்கிறது. மனிதர்கள் பூமியை விட்டுப் பல நட்சத்திரங்களுக்குப் பரவிவிட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து 'ஸ்டார் லீக்' என்று ஒரு பெரிய கூட்டாட்சி. அதன் படைத் தளபதி அலெக்சாண்டர் கெரென்ஸ்கி. 2755-ஆம் ஆண்டு அவர் ஒரு புது மெக் செய்யச் சொல்கிறார். அவர் கேட்டது மூன்று விஷயம். ஒன்று, முடிந்த மட்டும் பலம் இருக்கணும். இரண்டு, லேசில் துளைக்க முடியாத கவசம் வேணும். மூன்றாவதுதான் விசேஷம். பார்த்தாலே எதிரி நடுங்குகிற மாதிரி அவலட்சணமாக இருக்கணும்! பயமே நம் பக்கம் நின்று சண்டை போட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அப்படித்தான் அந்த மண்டை ஓட்டு முகம் வந்தது. அந்த முகத்தின் எடை கணக்கில் தனியாக வராது. அதிலிருந்து குண்டு பாயாது. அது செய்கிற வேலை எதிரியின் மனசுக்குள் நடக்கிறது. கை நடுங்கினால் குறி தப்பும். குறி தப்பினால் அட்லஸ் இன்னும் பத்தடி கிட்டே வந்துவிடும்.

பிறகு ஸ்டார் லீக் உடைந்து, பல நூறு வருஷம் சண்டை நடக்கிறது. தொழிற்சாலைகள் அழிகின்றன. பல தொழில்நுட்பங்கள் எப்படிச் செய்வது என்றே மறந்துபோகிறது. அதனால் பழைய மெக்குகளைப் பொக்கிஷம் போலப் பாதுகாக்கிறார்கள். தாத்தா ஓட்டிய மெக்கைப் பேரன் ஓட்டுவான். அந்தக் காலத்தில் ஒரு அட்லஸ் வைத்திருப்பது கோட்டை வைத்திருப்பதற்குச் சமம்.

★ 100 டன் எங்கே போகிறது? ★

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் அடுத்த தாளுக்கு ஓடிவிடாதீர்கள்! வீட்டில் அம்மா மாதச் சம்பளத்தைப் பிரிப்பாங்க இல்லையா, அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று? அதே மாதிரிதான். கையில் இருப்பது 100 டன். அதற்கு மேல் ஒரு கிலோ கூட விதி தராது. 'ஏ.எஸ்.7-டி' என்ற அட்லஸின் அடிப்படை வகையில் அதை இப்படிப் பிரித்திருக்கிறார்கள்:

• எலும்புக்கூடு (உள் சட்டகம்) – 10 டன்
• அணுக்கரு இணைவு இன்ஜின் – 19 டன்
• சமநிலை காக்கும் கைரோ – 3 டன்
• ஓட்டுபவர் அறை – 3 டன்
• சூட்டை வெளியேற்றும் கூடுதல் கருவிகள் – 10 டன்
• கவசம் – 19 டன்
• பெரிய பீரங்கி – 14 டன்
• தொலைதூர ஏவுகணைப் பெட்டி – 10 டன்
• குறுகியதூர ஏவுகணைப் பெட்டி – 3 டன்
• 4 லேசர் துப்பாக்கிகள் – 4 டன்
• குண்டுகளும் ஏவுகணைகளும் – 5 டன்

கூட்டிப் பாருங்கள். சரியாக 100!

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? கவசமும் 19, இன்ஜினும் 19. இன்னும் பெரிய இன்ஜின் போட்டிருந்தால் வேகமாக ஓடியிருக்கும். ஆனால் அந்த எடைக்குப் பீரங்கியையோ கவசத்தையோ குறைக்க வேண்டியிருக்கும். செய்தவர்கள் வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். அட்லஸ் நடந்தால் மணிக்கு 32.4 கி.மீ. முழு மூச்சாக ஓடினாலும் 54 கி.மீ.தான். நம்ம ஊர் பஸ்ஸே அதை முந்திவிடும்! எல்லாம் வேணும் என்றால் எதுவும் கிடைக்காது என்பதை இந்த ராட்சதனே ஒத்துக்கொண்டு நிற்கிறான்.

★ 10 வினாடியில் என்ன செய்வான்? ★

விளையாட்டில் ஒரு சுற்று என்பது 10 வினாடி. ஒரு கட்டம் 30 மீட்டர். எந்த ஆயுதம் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு.

பெரிய பீரங்கி ஒரே அடியில் 20 புள்ளி சேதம் செய்யும். முன்பக்கம் பார்க்கும் 2 லேசர்களும் தலா 5 புள்ளி. குறுகியதூர ஏவுகணைகள் 6, எல்லாம் பட்டால் 12 புள்ளி. தொலைதூர ஏவுகணைகள் 20, எல்லாம் பட்டால் 20 புள்ளி. ஆக, முன்பக்கம் மட்டும் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 62 புள்ளி. போதாக்குறைக்கு ஒரு உதை விட்டால் அதற்குத் தனியாக 20 புள்ளி!

இதை ஒரு குட்டி மெக்கோடு ஒப்பிடுவோம். 'லோகஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி. 20 டன்தான். அதன் நடு நெஞ்சில் கவசம் 10 புள்ளி, உள் சட்டகம் 6 புள்ளி. மொத்தம் 16. அட்லஸின் பீரங்கிக் குண்டு ஒன்று நெஞ்சில் பட்டால் 20. அவ்ளோதான், கதை முடிந்தது. காலில் உதைத்தாலும் கால் போய்விடும்.

அதனால் அட்லஸைப் பார்த்துப் பயப்படுவது முட்டாள்தனம் இல்லை. 'எனக்குப் பயமே கிடையாது' என்று மார் தட்டிக்கொண்டு நேருக்கு நேர் போகிற வெட்டுக்கிளி 10 வினாடிகூடத் தாங்காது.

அப்படியானால் அட்லஸை யாருமே ஜெயிக்க முடியாதா? முடியும். அதற்கு நாலு வழி இருக்கிறது. நாலையும் அவனே வைத்துக்கொண்டு நடக்கிறான்.

★ முதல் பலவீனம்: சூடு ★

கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் ஓடினால் சூடாகும் இல்லையா? மெக்கும் அப்படித்தான். சுடச் சுடச் சூடேறும். பீரங்கி சுட்டால் 7, தொலைதூர ஏவுகணை 6, குறுகியதூர ஏவுகணை 4, முன் லேசர்கள் இரண்டும் சேர்ந்து 6. மொத்தம் 23. நடந்துகொண்டே சுட்டால் இன்னும் 1. ஆக 24.

அட்லஸிடம் சூட்டை வெளியேற்றும் கருவிகள் 20 இருக்கின்றன (இன்ஜினோடு சேர்ந்தே வருவது 10, கூடுதலாக வைத்தது 10). ஒவ்வொன்றும் ஒரு புள்ளிச் சூட்டை இறக்கும். 24-ல் 20 போனால் மீதி 4. இந்த 4 அடுத்த சுற்றுக்குப் பாக்கியாக நிற்கும். கடன் மாதிரி!

ஆத்திரத்தில் எல்லா ஆயுதத்தையும் விடாமல் சுட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? முதல் சுற்று முடிவில் 4. இரண்டாவதில் 8. நடை தளரும், குறியும் தவற ஆரம்பிக்கும். மூன்றாவதில் 12. நான்காவதில் 16. இப்போது கால் நகராது. பகடை சரியாக விழாவிட்டால் இயந்திரமே அணைந்துவிடும். ஐந்தாவது சுற்றில் 19. இது ஆபத்தான எண். வயிற்றுக்குள் வைத்திருக்கும் குண்டுகள் தானாகவே வெடிக்கலாம்! ஐந்து சுற்று என்றால் வெறும் 50 வினாடி. ஆக, அட்லஸுக்கு முதல் எதிரி அட்லஸின் கோபம்தான். நிதானமாக, எதை எப்போது சுடணும் என்று தெரிந்தவர் கையில்தான் அது பயங்கரம்.

★ இரண்டாவது பலவீனம்: குண்டு தீரும் ★

பெரிய பீரங்கிக்கு அட்லஸிடம் இருப்பது 10 குண்டுதான். சுற்றுக்கு ஒன்று என்றால் 100 வினாடியில் காலி! தொலைதூர ஏவுகணை 12 சுற்றுக்கு வரும். குறுகியதூர ஏவுகணை 15 சுற்றுக்கு வரும். அதற்குப் பிறகு லேசரும் உதையும்தான் மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பீரங்கி 9 கட்டம், அதாவது 270 மீட்டர் வரைதான் எட்டும். லேசரும் குறுகியதூர ஏவுகணையும் அதே தூரம்தான். அதற்கு மேல் எட்டுவது 630 மீட்டர் வரை போகும் தொலைதூர ஏவுகணை மட்டும். அதனால் தள்ளி நின்று, மறைந்து மறைந்து, அவனைக் குண்டுகளை வீணாக்க வைப்பதும் ஒரு தந்திரம்.

★ மூன்றாவது பலவீனம்: முதுகு ★

அட்லஸின் கவசம் மொத்தம் 304 புள்ளி. கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் அது எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது பாருங்கள். நடு நெஞ்சின் முன்பக்கம் 47. அதே நடு உடம்பின் முதுகுப் பக்கம் வெறும் 14!

கவசத்துக்குப் பின்னால் உள் சட்டகம் 31 புள்ளி. ஒரு லேசர் 5 புள்ளி என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முன்பக்கமாக உடைக்க 47 + 31 = 78. அதாவது 16 முறை சுட வேண்டும். முதுகுப் பக்கமாக 14 + 31 = 45. ஒன்பது முறை சுட்டால் போதும். கிட்டத்தட்டப் பாதி வேலை மிச்சம்!

இங்கேதான் வெட்டுக்கிளிக்கு வேலை. லோகஸ்ட் மணிக்கு 129.6 கி.மீ. ஓடும். அட்லஸ் திரும்புவதற்குள் அது சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிடும். ஆனால் செய்தவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். நான்கு லேசரில் இரண்டைப் பின்பக்கம் பார்த்தே வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே வெட்டுக்கிளி போனால் மாட்டிக்கொள்ளும். இரண்டு பேர் முன்னால் நின்று கவனத்தைத் திருப்ப, இரண்டு பேர் பின்னால் போக வேண்டும். ஒற்றுமைதான் பலம் என்று தமிழையா சொல்வது பகடைக் கணக்கிலும் சரியாகத்தான் வருகிறது.

★ நான்காவது பலவீனம்: அந்தத் தலை! ★

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

எல்லோரையும் நடுங்க வைக்கும் அந்த மண்டை ஓட்டுத் தலைக்குக் கவசம் எவ்வளவு தெரியுமா? 9 புள்ளி! எந்த மெக்காக இருந்தாலும் தலைக்கு 9-க்கு மேல் கவசம் போட விதி இடம் தராது. குட்டி லோகஸ்டின் தலைக்கே 8 புள்ளி இருக்கிறது. 20 டன் வெட்டுக்கிளிக்கும் 100 டன் ராட்சதனுக்கும் தலையில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். உள் சட்டகம் 3 புள்ளியைச் சேர்த்தாலும் மொத்தம் 12. அட்லஸ் வைத்திருக்கும் அதே மாதிரிப் பீரங்கி ஒன்று எதிரியிடம் இருந்து, அந்தக் குண்டு தலையில் பட்டால், ஒரே அடியில் எல்லாம் முடிந்தது. ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பதும் அந்தத் தலைக்குள்தான்.

அப்படியென்றால் எல்லோரும் தலையிலேயே சுட வேண்டியதுதானே? முடியாது. குண்டு எங்கே படும் என்பதை இரண்டு பகடை முடிவு செய்யும். கூட்டுத்தொகை 7 வந்தால் முன்பக்கத் தாக்குதல் நடு நெஞ்சில் படும். 12 வந்தால்தான் தலை. இரண்டு பகடையில் மொத்தம் 36 விதமாக எண்கள் விழலாம். 7 வருவதற்கு 6 வழி. 12 வருவதற்கு ஒரே வழி, இரண்டிலும் 6 விழ வேண்டும். ஆக 36-ல் 1. நிகழ்தகவுப் பாடத்தில் படிப்பது இதேதான்.

36-ல் 1 என்பது சின்ன வாய்ப்புதான். ஆனால் பூஜ்யம் இல்லை! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அதை எண்ணால் எழுதினால் இப்படித்தான் இருக்கும். எதிரியைப் பயமுறுத்தும் இடமே அவனுடைய மெல்லிய இடம். பயத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவருக்கு இது கடைசி வரை தெரியாது.

★ நிஜத்தில் அட்லஸ் நடக்குமா? ★

அறிவியல் ஆசிரியர்கள் கேட்கும் முன்னால் நானே கேட்டுவிடுகிறேன்.

170 செ.மீ. உயரம், 60 கிலோ எடை உள்ள ஒருவரை அப்படியே 8 மடங்கு பெரிதாக்குவோம். உயரம் 13.6 மீட்டர். பாதத்தின் பரப்பு 8 × 8 = 64 மடங்கு ஆகும். ஆனால் எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றையும் பொறுத்தது. அதனால் 8 × 8 × 8 = 512 மடங்கு. கிட்டத்தட்ட 30 டன்! பாதம் 64 மடங்கு, எடை 512 மடங்கு என்றால் பாதத்தின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் 8 மடங்கு பாரம் தாங்க வேண்டும். இது சதை, எலும்புக்கு. அட்லஸ் உலோகம், 100 டன். அதே உருவ அளவில் கணக்குப் போட்டால் 26 மடங்கு வரும். மழை பெய்து ஊறின மண்ணில் கால் வைத்தால் முழங்கால் வரை புதைந்து போவான்.

டாங்கிக்கு ஏன் சங்கிலிப் பட்டை வைக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? எடையை அகலமாகப் பரப்பத்தான். பெரிய உருவத்துக்குப் பருத்த எலும்பு தேவை என்பதை கலிலியோ 1638-ல் வெளியான தன் புத்தகத்திலேயே விளக்கிவிட்டார். யானைக் கால் மான் கால் மாதிரி ஒல்லியாக இல்லாததற்கும் இதுதான் காரணம்.

கதையில் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறார்கள். மோட்டாருக்குப் பதில் 'மயோமர்' என்ற செயற்கைத் தசை. மின்சாரம் பாய்ந்தால் அது சுருங்கும். விழாமல் இருக்க கைரோ. ஓட்டுபவர் தலையில் ஒரு ஹெல்மெட். அவருடைய சமநிலை உணர்வை அது மெக்குக்கு அனுப்பும். அப்படியும் மெக் விழுவது உண்டு. சும்மா தரையில் குப்புற விழுந்தாலே அட்லஸுக்கு 10 புள்ளி சேதம். எடை கூடக்கூட அடியும் கூடும் என்பது விதி. அழகான விதி!

நிஜ உலகத்தில் ஜப்பானில் 2012-ல் 'குராடாஸ்' என்ற மனிதர் ஓட்டும் ராட்சத ரோபோவைச் செய்து காட்டினார்கள். உயரம் சுமார் 4 மீட்டர். ஆனால் அது நடக்காது. காலுக்கு அடியில் சக்கரம் வைத்துத்தான் ஓட்டினார்கள்.

நிஜப் போரிலும் ஒரு அட்லஸ் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி 'மவுஸ்' என்று ஒரு டாங்கி செய்தது. மவுஸ் என்றால் எலி! அந்த எலியின் எடை 188 டன். அதைத் தாங்கும் பாலங்கள் அரிதாக இருந்ததால், ஆற்றைத் தண்ணீருக்கு அடியில் கடக்கத் திட்டம் போட்டார்கள். சாலையில் வேகம் மணிக்கு சுமார் 20 கி.மீ. இரண்டே இரண்டு மாதிரிகள்தான் செய்தார்கள். போரின் போக்கை அதனால் துளிகூட மாற்ற முடியவில்லை. மிச்சமிருக்கும் ஒன்று இன்று ரஷ்யாவில் மாஸ்கோவுக்கு அருகே குபின்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

★ பயத்தைப் பிரித்துப் பார் ★

பயத்தை ஆயுதமாக்குவது புதுசு இல்லை. யானைப் படையின் பாதி வேலையே அதுதான். கி.மு. 202-ல் வட ஆப்பிரிக்காவில் ஜாமா என்ற இடத்தில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஏறத்தாழ 80 யானைகளை ரோமானியர்கள் மேல் ஏவினார். ரோமானியத் தளபதி சிபியோ என்ன செய்தார்? யானை நேராக ஓடும், பாதை கிடைத்தால் அந்தப் பாதையில்தான் போகும் என்று கணக்குப் போட்டார். படைக்கு நடுவே சந்து சந்தாக இடைவெளி விட்டு ஆட்களை நிறுத்தினார். கொம்பு ஊதி மிரட்டியதில் சில யானைகள் தங்கள் படை மேலேயே திரும்பின. பல யானைகள் அந்தச் சந்து வழியாக ஓடிப் போய்விட்டன. அன்றைக்கு ஜெயித்தவர் சிபியோ.

அட்லஸ் சொல்லும் பாடமும் இதேதான். அவனிடம் இரண்டு விதமான பயம் இருக்கிறது. ஒன்று, 20 புள்ளிப் பீரங்கி. அதற்குப் பயப்பட்டே ஆகணும், ஒதுங்கியே ஆகணும். இன்னொன்று, மண்டை ஓட்டு முகம். அதற்கு ஒரு புள்ளிகூடச் சேதம் செய்யத் தெரியாது. தோற்றவர்களில் பாதிப் பேர் தோற்றது இரண்டாவதைப் பார்த்துத்தான் என்று கெரென்ஸ்கி இருந்தால் சிரித்திருப்பார்!

நமக்கும் அட்லஸ்கள் உண்டு. சிலருக்கு முழு ஆண்டுத் தேர்வு. சிலருக்குப் பேச்சுப் போட்டி மேடை. சிலருக்குப் பக்கத்துப் பள்ளிக் கபடி அணியின் அந்த உயரமான பையன். பயமே இல்லை என்று வீரம் பேச வேண்டாம். அது வெட்டுக்கிளி நேருக்கு நேர் போகிற கதை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், 'இது நிஜமாகவே அடிக்கும்'. வலப்பக்கம், 'இது வெறும் முகம்'. பயத்தை இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். வலப்பக்கம்தான் நீளமாக இருக்கும். இடப்பக்கம் இருப்பதற்குப் படிப்போ, பயிற்சியோ, நாலு நண்பர்களோ போதும்.

★ மூளைக்கு வேலை ★

1. இரண்டு பகடை உருட்டினால் கூட்டுத்தொகை 2 அல்லது 12 வரும் நிகழ்தகவு என்ன?
2. லோகஸ்டின் வேகம் அட்லஸின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு?
3. ஓர் எறும்பை அதே உருவத்தில் 10 மடங்கு பெரிதாக்கினால் அதன் எடை எத்தனை மடங்காகும்? காலின் குறுக்குப் பரப்பு எத்தனை மடங்காகும்?

விடைகள் அடுத்த இதழில். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் கணக்கு ஆசிரியரைப் பார்க்கவும் (அவர் அட்லஸ் இல்லை, பயப்படாமல் போகலாம்!).

 

– ஒன்பதாம் வகுப்பு மாணவர்